ஈஸ்டர் காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகப் பயமாக இருக்கிறது

பனைவிளை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இதை எங்கே கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

எங்கள் ஊரில் ஈஸ்டர் அன்று விடிவதற்கு முன்பே ஆலய மணி அடித்துவிடும். ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம், அவரவர் வீட்டுக் கல்லறையில் பூ வைத்து, பாட்டுப் பாடி, எங்கள் போதகர் ஐயர் ஜெபம் செய்து முடிக்கும்போது கிழக்கே வெளுத்திருக்கும். சின்ன வயதில் கிறிஸ்துமஸைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

இந்த வருஷம் அங்கே அம்மா இருக்கிறார்கள். ஒன்பது மாதம் ஆகிறது. இரண்டு வருஷம் டயாலிசிஸ், வாரத்துக்கு மூன்று நாள் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், போகும்போதும் வரும்போதும் பைபிளிலிருந்து சங்கீதம் வாசிக்கச் சொல்வார்கள். அம்மா போனதிலிருந்து என்னால் வேதத்தைத் திறக்க முடியவில்லை. அவர்களுடைய பைபிள் என் மேஜையில்தான் இருக்கிறது. ஓரமெல்லாம் பென்சிலில் தேதி போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே மூடிவிடுகிறேன்.

பேப்பரில் கொடுத்த அறிவிப்பில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று நாங்களும் போட்டோம். நித்திரை என்றால் ஒருநாள் எழுந்திருக்க வேண்டும் அல்லவா, அதை நான் உண்மையாகவே நம்புகிறேனா என்று கேட்டால் தெரியவில்லை. அடக்கத்தன்று நெருங்கிய உறவினர் ஒருவர், நம்பிக்கை இல்லாதவர்கள் மாதிரி அழக்கூடாது, பைபிளிலேயே அப்படி இருக்கிறது என்றார். அன்றைக்கு நிறுத்திய அழுகை இன்னும் வரவில்லை.

என் கேள்வி இதுதான். மனதில் ஒன்றும் இல்லாமல் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று கல்லறைப் பக்கத்தில் நின்று சொல்வது பொய்யாகாதா? மறுபடியும் வாசிக்க ஆரம்பிப்பதென்றால் எங்கே ஆரம்பிப்பது? அம்மா இப்போது எங்கே இருக்கிறார்கள்?

பழைய வாத்தியார்:

மகளே, முதலில் அந்த அழுகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே உனக்கு வசனத்தைப் பாதியாகக் கொடுத்திருக்கிறார்கள். அவர் சொன்னது 1 தெசலோனிக்கேயர் 4:13. அந்தக் கடிதத்தை எழுதிய பவுல் அங்கே துக்கப்படாதீர்கள் என்று நிறுத்தவில்லை. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கப்படாதீர்கள் என்கிறார். நம்பிக்கை உள்ளவர்களுக்கும் துக்கம் உண்டு, அந்தத் துக்கத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பகுதியின் கடைசி வசனம், இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிகிறது. தேற்றுவதற்குக் கொடுத்த வசனத்தை வாயை அடைக்க எடுப்பதை நான் நாற்பது வருஷமாகத் துக்க வீடுகளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசு கொதிக்கும்.

சபையின் முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் வானம் திறந்திருக்கிறதைக் கண்டே மரித்தவன். அவன் எங்கே போனான் என்பதில் சபையில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. ஆனாலும் அப்போஸ்தலர் 8:2-ஐப் பார், தேவபக்தியுள்ள மனுஷர் அவனை அடக்கம்பண்ணி, அவனுக்காக "மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்". பவுலே பிலிப்பியருக்கு எழுதும்போது, எப்பாப்பிரோதீத்து செத்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகியிருக்கும் என்கிறார்.

எங்கே ஆரம்பிப்பது என்றாய். யோவான் 11, மார்த்தாளின் செத்துப்போன சகோதரன் லாசருவை இயேசு எழுப்புகிற அதிகாரம். லாசரு வெளியே வருகிற இடத்துக்கு ஓடிவிடாதே, மார்த்தாளிடம் நில். "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." அது குற்றச்சாட்டுதான். அதைக் கேட்டு அவர் அவளை அதட்டவில்லை. அவர் பேச ஆரம்பித்ததும் அவள் வேதபாடத்தில் படித்த பதிலை ஒப்பிக்கிறாள், கடைசிநாளில் எழுந்திருப்பான் என்று அறிந்திருக்கிறேன் என்று. அது சரியான பதில்தான், ஆனால் அது அவளுக்கு அன்றைக்கு ஆறுதலாக இல்லை. அந்த இடத்தில்தான் "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்கிறார். என்றைக்கோ நடக்கப்போகிற ஒன்று என்று அவள் நினைத்திருந்தது அவள் எதிரிலேயே ஆளாக நிற்கிறது.

அப்புறம் 33-ஆம் வசனம், ஆவியிலே கலங்கினார் என்று நம் பைபிளில் இருக்கிறதே, அந்தக் கிரேக்கச் சொல்லில் ஒரு சீற்றமும் இருக்கிறது. மத்தேயு 9:30-இல் கண்டிப்பாய்க் கட்டளையிட்டார் என்று வருவதும் அதே சொல்தான். அவர் மரணத்தைப் பார்த்துக் கோபப்பட்டார், இரண்டு வசனம் தள்ளி கண்ணீர் விட்டார். சில நிமிஷத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தவரே அழுதார் என்றால் உன்னை ஏன் அழக்கூடாது என்கிறார்கள்? அழு மகளே.

ஜெபவீரன்:

சிஸ்டர், உங்கள் துக்கம் புரிகிறது, ஜெபிக்கிறேன். ஆனால் சந்தேகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். ரோமர் 10:9 வாயினாலே அறிக்கையிட வேண்டும் என்று சொல்கிறது. உணர்வு வந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் வராமலே போய்விடும். என் தம்பி விபத்தில் போனபோது எனக்கு அப்படித்தான் இருந்தது. தினமும் காலையில் எழுந்து சத்தமாகச் சொன்னேன், அவர் உயிரோடிருக்கிறார் என்று. மூன்று மாதம் வெறும் சத்தமாகத்தான் இருந்தது. நிறுத்தாமல் சொன்னேன், அதுதான் என்னைப் பிடித்து வைத்தது. கல்லறைக்குப் போங்கள், சொல்லுங்கள்.

கடலோரத்தான்:

நான் கத்தோலிக்கன், எங்கள் பக்கத்து வழக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், உங்களுக்கு உதவுமா பாருங்கள் அக்கா.

எங்களுக்குப் புனித வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் நடுவில் சனிக்கிழமை ஒரு நாள் இருக்கிறது. அன்று பகலில் பூசை கிடையாது. பீடத்தில் துணிகூட இருக்காது, நற்கருணைப் பேழை திறந்து வெறுமையாகக் கிடக்கும். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம் நான் கோயிலுக்குப் போனது அந்த ஒரு நாள்தான், ஏனென்றால் என் வீடு மாதிரியே கோயிலும் இருந்தது அன்றைக்கு. லூக்கா நற்செய்தியில் அந்த நாளைப் பற்றி ஒரே ஒரு வரி, பெண்கள் ஓய்வு நாளில் ஓய்ந்திருந்தார்கள் என்று. அதற்கு முன்னால் என்ன செய்தார்கள் தெரியுமா, நறுமணப் பொருளும் தைலமும் தயார் பண்ணினார்கள். அது பிணத்துக்குப் பூசுவதற்கு. அவர் எழுந்திருப்பார் என்று எதிர்பார்த்துக் கல்லறைக்குப் போனவர் ஒருவர்கூட இல்லை. நீங்கள் எந்த மனசோடு போகப் பயப்படுகிறீர்களோ, அதே மனசோடுதான் மகதலா மரியா போனார்.

ராத்திரி திருவிழிப்புக்கு வெளியே புதுத் தீ மூட்டி, அதிலிருந்து பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுதிரியை ஏற்றி, இருட்டாக இருக்கும் கோயிலுக்குள் கொண்டு வருவார்கள். அந்த ஒரு திரியிலிருந்து பக்கத்தில் இருப்பவர், அவரிடமிருந்து அடுத்தவர் என்று எல்லாரும் ஏற்றிக்கொள்வோம். அப்புறம் பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள் வரை இருக்கும், படைப்பிலிருந்து ஆரம்பித்து, செங்கடல், எசாயா, எசேக்கியேல் என்று. அவ்வளவும் கேட்ட பிறகுதான் மணி அடிக்கும். அந்த வருஷம் என் மெழுகுவர்த்தி நானாக ஏற்றியது இல்லை, பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி தன்னுடையதைச் சாய்த்து ஏற்றிவிட்டார்கள். எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று அவர்கள் கேட்கவில்லை.

நெல்வயல்:

நான் நாலு வருஷம் சபைப் பக்கமே போகாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெபவீரன் சொன்னது அவரைத் தாங்கியிருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் சந்தேகத்துக்கு இடமே கொடுக்கக்கூடாது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை அண்ணே, ஏனென்றால் சுவிசேஷங்களே இடம் கொடுக்கின்றன. பெண்கள் வந்து சொன்னது அப்போஸ்தலருக்கு வீண்பேச்சாகத் தோன்றியது என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். மத்தேயுவின் கடைசிக் காட்சியில், மலைமேல் உயிர்த்தெழுந்தவர் கண்ணெதிரே நிற்கிறார், பணிந்துகொண்டார்கள், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்". அவர்களையும் சேர்த்துத்தான் அனுப்புகிறார். மாற்குவில் இன்னும் கடினம். நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் 16:8-உடன் நின்றுவிடுகின்றன. பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் போனார்கள் என்பதுதான் அங்கே கடைசி வரி. கல்லறைக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பெயரை அந்த வரியில் எழுதிக்கொள்ளலாம்.

என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது 1 கொரிந்தியர் 15. மொத்தம் 58 வசனம். அடக்க ஆராதனையில் துண்டு துண்டாக எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், ஒரு முறைகூட முழுசாக ஒரே மூச்சில் வாசித்ததில்லை. அப்பா இறந்து நாலாவது வருஷம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் வாசித்தேன். மரித்தோரின் உயிர்த்தெழுதல் இல்லை என்று சொன்னவர்கள் கொரிந்து சபைக்குள்ளேயே இருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பவுல் அவர்களைச் சபையைவிட்டு வெளியே போ என்று சொல்லவில்லை, உட்காரவைத்து வாதாடுகிறார். கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண், நாங்கள் தேவனுக்குப் பொய்ச்சாட்சிக்காரர் என்று தன் தலையையே பந்தயம் வைக்கிறார். ஐந்நூறு பேருக்கு அதிகமானவர்கள் அவரைக் கண்டார்கள், அநேகர் இன்னும் இருக்கிறார்கள், சிலர் நித்திரையடைந்தார்கள் என்று எழுதுகிறார். சிலுவைப்பாடு நடந்து ஏறக்குறைய 25 வருஷத்துக்குள் எழுதிய கடிதம் அது, போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்கிற தொனி. நீங்கள் பேப்பரில் போட்ட அந்தச் சொல் இங்கே வருகிறது பாருங்கள். உயிர்த்தெழுந்தவரைக் கண்ணால் கண்டவர்களும் செத்துப்போனார்கள், அவர்கள் வீட்டிலும் அழுதிருப்பார்கள், பவுலுக்கு அது தெரியும், தெரிந்துதான் அதே வாக்கியத்தில் எழுதுகிறார்.

அப்பா விவசாயி. அதனால் 20-ஆம் வசனத்தில் "முதற்பலன்" என்ற சொல் வந்ததும் நிறுத்திவிட்டேன். லேவியராகமம் 23-இல் அறுப்பின் முதல் கதிர்க்கட்டை ஆசாரியனிடம் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறது, அவன் அதை ஓய்வுநாளுக்கு மறுநாளில் அசைவாட்டுவான். முதல் கதிர் கையில் இருக்கிறது என்றால் வயலில் மீதிக் கதிர் நிற்கிறது என்று அர்த்தம், அந்தக் கதிர் வேறு விளைச்சல், இந்த வயல் வேறு விளைச்சல் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். அதுவரை நான் இயேசு எழுந்ததை அவருக்கு மட்டும் நடந்த அதிசயமாகத்தான் வைத்திருந்தேன், என் அப்பாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று. பவுல் இரண்டும் ஒரே அறுப்பு என்கிறார், முன்னால் கொஞ்சம், பின்னால் மீதி.

அப்புறம் விதை. விதைநெல்லை ஊறப்போட்டு, மூட்டம் போட்டு, முளை கட்டியதும் நாற்றங்காலில் விடுவார் அப்பா. பத்து நாள் கழித்து நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் அந்த நெல் வெறும் உமியாக ஒட்டியிருக்கும். "நீ விதைக்கிற விதை செத்தாலொழிய உயிர்க்கமாட்டாதே" என்பதை அவர் கையிலேயே நான் பார்த்திருக்கிறேன், பார்த்தது வசனம் என்று தெரியாமல். விதைத்ததும் முளைத்ததும் ஒரே நெல்தான், ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோல் இருக்காது. உடம்பை விட்டு ஆவி தப்பித்துப் போவதோடு கதை முடிந்தது என்று பைபிள் சொல்லவில்லை என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. உங்கள் அம்மாவின் கை, ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அந்தக் கை, அதை வேண்டாத பொருள் மாதிரி தேவன் தள்ளிவிடவில்லை. அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும் என்கிறார் பவுல்.

இன்னொன்று. 26-ஆம் வசனம் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்று சொல்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் தேவசித்தம், நல்லதுக்குத்தான் என்றே சொன்னார்கள், அதனால்தான் நான் தேவனையே விட்டுப் போனேன். வேதம் அதைச் சத்துரு என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேனோ என்னவோ.

அம்மா இப்போது எங்கே என்பதற்கு, வேதம் கொஞ்சமாகத்தான் பேசுகிறது. சிலுவையில் கூடத் தொங்கிய கள்ளனிடம் இயேசு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார். பவுல் தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருப்பது அதிக நன்மை என்றார். இரண்டிலும் இடத்தைப் பற்றிய விவரம் குறைவு, யாரோடு என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. எனக்கு அது போதும்.

பொய்யாகாதா என்று கேட்டீர்கள். நான் திரும்பிப் போன முதல் ஈஸ்டரில் சத்தமாகச் சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மாற்கு 9-இல் ஒரு தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறான் அல்லவா, அதை மட்டும் மனதுக்குள் சொன்னேன். அவனுடைய மகனை இயேசு குணமாக்கினார், முதலில் விசுவாசத்தைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று அனுப்பவில்லை.

ஜெபவீரன்:

நெல்வயல் தம்பி, மத்தேயு வசனத்தை இவ்வளவு நாளாக வாசித்தும் நான் கவனிக்கவில்லை. நன்றி. சிஸ்டர், நான் எழுதியது பாரமாக இருந்திருந்தால் மன்னியுங்கள்.

பனைவிளை:

எல்லாருக்கும் நன்றி. நாலு நாளாகப் பதில் எழுதாமல் இதைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். ஜெபவீரன் அண்ணே, பாரமாக இல்லை, மூன்று மாதம் வெறும் சத்தமாக இருந்தது என்று நீங்கள் எழுதியது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

நேற்று ராத்திரி அம்மாவின் பைபிளில் யோவான் 11 எடுத்தேன். மார்த்தாள் சொன்ன வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு தேதி இருக்கிறது. பார்த்ததும் புரியவில்லை, அப்புறம்தான் ஞாபகம் வந்தது, தாத்தா இறந்த வாரம். அம்மாவும் அந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள். "நீர் இங்கேயிருந்தீரானால்" என்பதன் கீழே கோடு போட்டிருக்கிறது, பென்சில் அழுத்தி, தாள் கிழிகிற மாதிரி. என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. "நானே உயிர்த்தெழுதலும்" என்கிற 25-ஆம் வசனத்தில் கோடு இல்லை, ஆனால் அங்கே வேறொரு தேதி, ஏழு மாதம் கழித்து.

அழுதேன், ரொம்ப நேரம்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். சத்தமாகச் சொல்வேனா என்று தெரியவில்லை. 1 கொரிந்தியர் 15 இன்னும் தொடவில்லை, அதற்கு முன்னால் வாசிக்கச் சின்னதாக ஏதாவது இருக்கிறதா?

கடலோரத்தான்:

யோவான் 21 அக்கா. ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் கிடைக்காத ஆட்கள், விடியும்போது கரையில் கரி நெருப்பும் அதன்மேல் மீனும் இருக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசு சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிறார். அதில் முதல் பதினாலு வசனம் மட்டும் வாசியுங்கள்.

பழைய வாத்தியார்:

அந்த இரண்டு தேதியையும் அப்படியே விட்டுவை மகளே, அழித்துவிடாதே. உன் பென்சிலையும் பக்கத்தில் வைத்துக்கொள்.