பொன்மனை வீடு: பெண் கார், போளி, கான்டெஸா

குடும்பக் குழு அரட்டை: செவ்வாய், இரவு

ஜெயராணி: பிரின்ஸியின் கல்யாணத்துக்குப் பெண் கார் எது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. பூக்காரர் நாளைக்குள் கேட்கிறார். வண்டி எதுவென்று தெரிந்தால்தான் மாலையின் அளவு சொல்ல முடியுமாம்.

ஷீபா: மாமி, போளி எத்தனை என்றும் சொல்லுங்கள். பால் பாயசத்துக்கு ஆளுக்கு ரெண்டு வைத்தால் 1200 வரும்.

ஜெபின்: என் வெர்ட்டஸ் இருக்கிறதே அம்மா. பாலிஷ் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

பிரின்ஸி: வெள்ளை கார். எனக்கு ஓகே.

அஜின்: நிச்சயதார்த்தத்துக்கு வீட்டு ஏற்றம் ஏறாத வெர்ட்டஸா?

ஜெபின்: அன்றைக்கு மழை.

அஜின்: கல்யாணம் ஐப்பசியில் மக்கா. மழைக்கு லீவா?

ஸ்டீபன்: அப்பாவின் பழைய கான்டெஸா காரில்தான் பிள்ளை சர்ச்சுக்குப் போக வேண்டும். அப்பா இருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

ராஜன்: அது ஓடுமா?

ஸ்டீபன்: என் கையில் இருக்கிற வண்டி ஓடும்.

ஜெயராணி: சரி, ரெண்டு பேரும் ஆரம்பிக்க வேண்டாம்.

செல்வின்: மாமி, ஒரு நிமிஷம். ஏற்றம் ஏறாததற்கு ஜெபினைக் குறை சொல்ல முடியாது. வெர்ட்டஸ் 1.5 எஞ்சின் 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். பவரில் குறையே இல்லை. ஆனால் இழுப்பது முன் சக்கரம். அன்றைக்குப் பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் ரெண்டு நேந்திரன் குலை. ஏற்றத்தில் வண்டியின் எடை பின்னால் சாயும். முன் டயர்மேல் அழுத்தம் குறையும். செம்மண்ணும் ரப்பர் இலையும் நனைந்து கிடந்தால் முன் சக்கரம் சும்மா சுற்றத்தான் செய்யும். அதே ஏற்றத்தில் கான்டெஸா மாதிரிப் பின்சக்கரம் இழுக்கிற வண்டி என்றால், சாய்கிற எடை இழுக்கிற டயர்மேலேயே வந்து உட்காரும். ஆள் ஏற ஏற நல்லது. பழைய அம்பாசடர் டாக்ஸிகள் ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு பேச்சிப்பாறை வரை ஏறியதில் பாதி ரகசியம் அதுதான்.

பிரின்ஸி: அத்தான், சுருக்கமாக.

செல்வின்: கான்டெஸா ஏறும்.

ராஜன்: அன்றைக்குச் சக்கரம் அடித்த சேறு என் வேட்டியில் இடுப்பு வரை. கறை இன்னும் போகவில்லை.

ஜெபின்: மாமா, பின்னால் நின்று தள்ளச் சொன்னேன். நீங்கள்தான் முன் கதவுப் பக்கம் நின்று கை காட்டினீர்கள்.

அஜின்: முன் சக்கர வண்டி என்றால் ரிவர்ஸில் ஏற்ற வேண்டியதுதானே. அப்போது இழுக்கிற சக்கரம் பள்ளத்துப் பக்கம் வந்துவிடும், எடையும் அதன்மேல் விழும்.

செல்வின்: சரியாகச் சொன்னாய்.

ஜெயராணி: மறுவீட்டுக்கு வருகிற பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னோக்கி ஏறி வருவதா? வேறு பேச்சு பேசுங்கள்.

ஷீபா: 😄😄

ஷீபா: போளி?

ராஜன்: போளி நான் மார்த்தாண்டத்தில் சொல்லி வாங்கி வருகிறேன்.

அஜின்: அப்பா, வேண்டாம்.

ஜெபின்: மாமா, வேண்டாம்.

பிரின்ஸி: சானல் மீனுக்கெல்லாம் இப்போது சுகர் 😂

ராஜன்: 1996இல் நடந்ததை இந்தக் குடும்பம் நான் சாகும்வரை விடாது.

ஷீபா: நான் அப்போது இந்த வீட்டுக்கு வரவில்லை. என்னதான் நடந்தது?

ஜெயராணி: என் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள். ஜூன் மழை. சின்ன அண்ணன் கான்டெஸாவில் மூன்று பெட்டி போளியோடு வந்தார். திருவட்டார் தாண்டி சானல் கால்வாய் வளைவில் வண்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பின்பக்கமாகக் கரையில் இறங்கியது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, கர்த்தர் காத்தார். டிக்கி திறந்து போளி முழுக்கத் தண்ணீரில். மறுநாள் பாயசத்தை வெறுமனே குடித்துவிட்டுப் போனார்கள் மாப்பிள்ளை வீட்டார்.

ஸ்டீபன்: வாங்கி மூன்று வருஷம் ஆகாத வண்டி. அதன்பிறகு அப்பா சாவியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

ராஜன்: வேகமாகப் போகவில்லை என்று அன்றே சொன்னேன். யார் கேட்டார்கள்? 40கூட இருக்காது.

செல்வின்: சித்தப்பா, ஒன்று கேட்கட்டுமா? வளைவுக்குள் போன பிறகு கியர் மாற்றினீர்களா?

ராஜன்: மாற்றினேன். இறக்கம் இல்லையா. தேர்டில் வந்தேன், வண்டி தள்ளுகிற மாதிரி இருந்தது. செகண்டுக்குப் போட்டு கிளட்சை விட்டேன். அவ்வளவுதான். பிரேக்கில் கால்கூட வைக்கவில்லை.

செல்வின்: அதுதான் காரணம்! கிளட்சைச் சட்டென்று விட்டதும் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்கும். முன்சக்கர வண்டியில் அந்தப் பிடி முன்னால் விழும், மிஞ்சிப்போனால் வண்டி நேராகப் போய் வேலியில் நிற்கும். கான்டெஸாவில் அந்தப் பிடி முழுவதும் பின் ரெண்டு டயருக்கு. இறக்கத்தில் எடை ஏற்கெனவே முன்னால் போய்விட்டது, பின்பக்கம் லேசாகிக் கிடக்கிறது, தார் நனைந்திருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை லேசாக இழுத்த கணக்கு. வால் வெளியே வந்தே தீரும். பழைய போர்ஷே 911இலும் இதற்குச் சொந்தக்காரத் தொல்லை ஒன்று உண்டு. அதில் எஞ்சினே பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வீசிக்கொண்டு வரும். தெரியாத ஓட்டுநர்கள் எத்தனையோ பேர் வயலில் இறங்கியிருக்கிறார்கள்.

ராஜன்: அப்படியென்றால் வேகம் காரணம் இல்லை.

செல்வின்: இல்லை. வளைவுக்கு முன்பே நேரான இடத்தில் கியரைக் குறைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

ராஜன்: எல்லோரும் படித்தீர்களா? ஸ்டீபன் அண்ணன் படித்தாரா?

அஜின்: அப்பா போர்ஷே ஓட்டுநர் 🔥

ராஜன்: இன்னொன்றும் சொல்கிறேன். பின் டயர் ரெண்டும் ரீட்ரெட், தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது. அந்த மாசம்தான் மாற்றியது. யார் மாற்றினார் என்று கேளுங்கள்.

ஸ்டீபன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஜெபின்: மாமா என்ன போட்டீர்கள்? பார்ப்பதற்குள் போய்விட்டது.

ஸ்டீபன்: கை தவறி வந்தது. அந்தக் காலத்தில் ரப்பர் என்ன விலை போனது என்று இவனுக்குத் தெரியுமா? வீட்டுச் செலவு முழுவதும் யார் தலையில்?

ஜெயராணி: போதும்.

புதன், காலை

அஜின்: ராத்திரி தூக்கமே இல்லை. செல்வின் அண்ணன் கிளப்பிவிட்டார். இங்கே மஸ்கட்டில் கூட வேலை செய்பவர் டொயோட்டா ஜிஆர் 86 கார் வைத்திருக்கிறார். போன வெள்ளிக்கிழமை ஓட்டக் கொடுத்தார். 2.4 லிட்டர் பாக்ஸர், டர்போ கிடையாது, ஆறு கியர் மேனுவல், பின்சக்கர இழுவை, எடை 1300 கிலோவுக்குள். ரவுண்டானாவில் ஸ்டீரிங் கையில் பேசுகிறது. திருப்புகிற வேலை முன் டயருக்கு, தள்ளுகிற வேலை பின் டயருக்கு. ஒன்றின் வேலையில் மற்றது தலையிடாது.

ஜெபின்: நம் குடும்பத்துக்கு நேர்மாறு.

ஷீபா: 👏

ஜெபின்: ஆனால் ஹோண்டா சிவிக் டைப் ஆர் முன்சக்கரம்தானே? 300 குதிரைக்கு மேல். அதை வைத்துக்கொண்டு பந்தயத் தடத்தில் பின்சக்கர வண்டிகளை அழவிடுகிறார்களே.

செல்வின்: உண்மை. அதற்குள் லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல் இருக்கிறது. வளைவில் உள்பக்கச் சக்கரம் சும்மா சுற்றப் பார்த்தால் சக்தியை வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தள்ளும். சாதாரண முன்சக்கர வண்டியில் அது இருக்காது, அதனால் அழுத்த அழுத்த மூக்கு வெளியே போகும். நான் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு என் பழைய போலோவைக் கொண்டு போனபோது கற்ற பாடம் அதுதான். ஒரே டயரிடம் ‘திரும்பு’ என்றும் ‘இழு’ என்றும் கேட்கக் கூடாது. அதன் பிடிப்பு ஒரு படி அரிசி என்று வையுங்கள். இழுவைக்கு எடுக்க எடுக்கத் திருப்பத்துக்கு மிஞ்சுவது குறையும்.

பிரின்ஸி: அரிசி பற்றிப் பேசியதால் கேட்கிறேன். பிரியாணிக்கு எந்த அரிசி?

ஜெயராணி: சீரகச் சம்பா. முடிவாகிவிட்டது.

ஸ்டீபன்: பாஸ்மதி என்றுதானே சொன்னோம்?

ஜெயராணி: யார் சொன்னது?

ஷீபா: மாமி, பக்கத்து விளைக்காரரின் மஹிந்திரா தார் வண்டியைக் கேட்டால் என்ன? ஜீப்புதானே, எந்த ஏற்றமும் ஏறும்.

செல்வின்: எல்லாத் தாரும் நாலு சக்கரமும் இழுக்கிற 4x4 இல்லை. 2023இலிருந்து பின்சக்கரம் மட்டும் இழுக்கிற தாரும் வருகிறது. அவருடையது எது என்று பார்க்க வேண்டும்.

பிரின்ஸி: சேலை கட்டிக்கொண்டு தாரில் ஏற முடியாது. யாரும் கேட்க வேண்டாம்.

அஜின்: இங்கே ஜெபல் அக்தர் மலைக்கு 4x4 இல்லாவிட்டால் செக்போஸ்டிலேயே போலீஸ் திருப்பி அனுப்பிவிடும்.

செல்வின்: அங்கே ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். லோ கியர் போட்டால் எஞ்சின் பிடியிலேயே மெதுவாக இறங்கலாம், பிரேக் சூடாகாது. மற்றபடி ஆல் வீல் டிரைவ் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. 1980இல் ஆடி குவாட்ரோ வந்து ராலியையே மாற்றியது நிஜம். டொயோட்டா ஜிஆர் யாரிஸில் 1.6 மூன்று சிலிண்டர் எஞ்சின்தான், நாலு சக்கரமும் இழுப்பதால் சேற்றில் பறக்கிறது. ஆனால் இழுக்கத்தான் அது உதவும். நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் நாலு டயர்தான்.

ராஜன்: ரீட்ரெட் இல்லாத டயர்.

ஜெயராணி: அண்ணா!

ஜெபின்: அத்தான், என் அடுத்த வண்டி மஹிந்திராவின் மின்சார கார் பிஇ 6. பின்னால் மோட்டார், 286 பிஎஸ். பேட்டரி தரையில் படுத்திருக்கிறது.

செல்வின்: ஏற்றத்துக்கு அருமையாக இருக்கும். எடையைத்தான் மறந்துவிடாதே.

அஜின்: சத்தம் வராத வண்டியில் என்ன சுகம்?

ஸ்டீபன்: கான்டெஸா விஷயத்துக்கு வாருங்கள். இசுசு 1.8 பெட்ரோல் எஞ்சின். நேற்று மூடியைக் கழற்றிப் பார்த்தேன், ஆயில் சுத்தம். பேட்டரி புதிதாக மாட்ட வேண்டும். ஆர்சி புதுப்பித்துவிட்டேன், பசுமை வரியும் கட்டியாயிற்று.

ஜெபின்: இன்சூரன்ஸ்?

ஜெபின்: மாமா?

செல்வின்: அப்பா, பெட்ரோல் குழாயைப் பாருங்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய் அதில் ஊறி உப்பிவிடும். கார்புரேட்டருக்குப் போகிற குழாய் முழுவதையும் மாற்றச் சொல்லுங்கள்.

ராஜன்: ரப்பர் விளைக்குள் நிற்கிற வண்டிக்கு ரப்பருக்கா பஞ்சம்.

ஸ்டீபன்: 😐

பிரின்ஸி: கான்டெஸாவில் ஏசி ஓடுமா? மேக்கப் கலைந்தால் நான் பொறுப்பில்லை.

ஸ்டீபன்: கண்ணாடியை இறக்கினால் நல்ல காற்று வரும் பிள்ளை.

பிரின்ஸி: மாமா…

ஜெயராணி: நான் சொல்கிறேன். காலையில் சர்ச்சுக்கு வெர்ட்டஸ், அது இறக்கம்தானே. மாலையில் மறுவீட்டுக்கு மட்டும் ரோட்டிலிருந்து வீடுவரை கான்டெஸா.

செல்வின்: நல்ல யோசனை மாமி. பின்சீட்டில் நாலு பேரை ஏற்றுங்கள், எடை வேண்டும்.

ஷீபா: பெண், மாப்பிள்ளை, இன்னும் ரெண்டு பேரா? படம் எடுப்பவர் எங்கே உட்காருவார்?

செல்வின்: அப்படியென்றால் டிக்கியில் ரெண்டு மூட்டை அரிசி.

ஸ்டீபன்: பாஸ்மதி.

ஜெயராணி: சீரகச் சம்பா. அது சரி, கான்டெஸாவை யார் ஓட்டுவது?

ராஜன்: நான் ஓட்டுவேன். காரணம்தான் இப்போது தெரிந்துவிட்டதே.

அஜின்: அப்பா…

ஸ்டீபன்: முதலில் வெள்ளோட்டம் விட்டுப் பார்க்க வேண்டும். நாளை மார்த்தாண்டத்திலிருந்து மெக்கானிக் வருகிறார்.

ராஜன்: நானும் வருகிறேன். எத்தனை மணிக்கு?

ஷீபா: போளி 1200 என்று சொல்லிவிடட்டுமா?

ஜெயராணி: பூக்காரர் திரும்பவும் கூப்பிடுகிறார். நான் என்ன சொல்ல?

ஜெபின்: ரெண்டு மாலை கட்டச் சொல்லுங்கள் அம்மா.

ராஜன்: அண்ணா, எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

ஸ்டீபன்: பத்து. டயரைப் பார்த்துவிட்டு வா. புதுசு.