மேஜிக் ஆடுகிறவர்களை டி அண்ட் டி மேசையில் சேர்க்கலாமா?

பகடைமாறன்:
டொராண்டோவில் நாங்கள் ஐந்து பேர் நான்கு வருடமாக ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆடுகிறோம். ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, சேர்ந்து கதை நகர்த்தும் ரோல்பிளே ஆட்டம் அது. கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான்தான். இருவர் ஊர் மாறிப் போனதால், பக்கத்துக் கடையில் மேஜிக் என்ற கார்டு ஆட்டம் ஆடும் இருவரைச் சேர்த்துக்கொண்டோம். மூன்றே மாதத்தில் மேசையின் குணம் மாறிவிட்டது. கதையில் மகனைத் தேடித் தரச் சொல்லி ஒரு கிழவி அழுகிறாள்; இவர்கள் "எத்தனை எக்ஸ்பி கிடைக்கும்?" என்று, லெவல் ஏற உதவும் அனுபவப் புள்ளியைக் கேட்கிறார்கள். டெக், அதாவது ஆடும் கார்டுக் கட்டு, கட்டுவதுபோலவே கதாபாத்திரத்தையும் கட்டுகிறார்கள், எந்த மந்திரத்தோடு எது சேர்ந்தால் அதிக டேமேஜ் என்று. கார்டில் எதிரே இருப்பவரைத் தோற்கடிக்க வேண்டும். எங்கள் மேசையில் யாரும் யாருக்கும் எதிரி இல்லை. இரண்டும் ஒரே கடையில் விற்பதால் ஒரே பொழுதுபோக்கு ஆகிவிடாது.

நாற்பதுயிர்:
மாறன் அண்ணா, நான் இரண்டும் ஆடுகிறேன், அதனால் இதைப் படித்ததும் வலித்தது. மேஜிக் பிறந்ததே உங்கள் ஆட்களுக்காகத்தான். விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் முதலில் ரோல்பிளே புத்தகம் போட்ட சின்ன கம்பெனி. கணித ஆராய்ச்சி மாணவராக இருந்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் ஒரு போர்டு கேமோடு வந்தார். அதைத் தயாரிக்கச் செலவு அதிகம். ஆட்டக்காரர்கள் கூடும் மாநாடுகளில் ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சீக்கிரம் ஆடி முடிக்கும்படி, பையில் போட்டு எடுத்துப்போகும்படி ஏதாவது செய்து தாருங்கள் என்று விசார்ட்ஸை நடத்திய பீட்டர் ஆட்கிசன் கேட்டார். 1993இல் மேஜிக் வந்தது. ரோல்பிளே செஷனுக்கு ஆள் சேரக் காத்திருப்பவர்கள் ஆடத் தோதான ஆட்டம் அது.

இன்னொன்று. டி அண்ட் டியின் கம்பெனியான டிஎஸ்ஆர் 1997இல் கடனில் மூழ்கி, புத்தகம் அச்சிடக்கூட முடியாமல் நின்றது. அதை வாங்கிக் காப்பாற்றியது மேஜிக் சம்பாதித்த பணம். 2000இல் மூன்றாம் பதிப்பு வந்ததும் அதனால்தான்.

தாள்பேனா:
காப்பாற்றியது உண்மை. ஆனால் என்ன விலைக்கு? 1999இல் பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோ விசார்ட்ஸை வாங்கியது. கார்டு வியாபாரத்தின் கணக்கு அப்படியே புத்தகத்துக்கும் வந்துவிட்டது. டி அண்ட் டியில் ஒருவர் புத்தகம் வாங்கினால் ஆறு பேர் வருடக்கணக்கில் ஆடலாம். மேஜிக் கார்டு விற்கும் பூஸ்டர் பாக்கெட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக, திரும்பத் திரும்ப வாங்க வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே. 2022இல் மேஜிக்கின் முப்பதாம் ஆண்டுக்காக நான்கு பாக்கெட், மொத்தம் 60 கார்டு, 999 டாலருக்கு விற்றார்கள். அதிகாரபூர்வப் போட்டியில் அந்தக் கார்டுகள் செல்லாது! எனக்கு ஆட்கள்மேல் கோபம் இல்லை. இந்தப் பழக்கம் நம் மேசைக்கும் வருவதுதான் பயம்.

நாற்பதுயிர்:
அந்த 999 டாலர் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். மேஜிக் ஆடுகிறவர்களில் எத்தனையோ பேர் கொதித்தார்கள். ஆனால் அது கம்பெனியின் பேராசை, ஆடுகிறவரின் குணம் இல்லை.

பகடைமாறன்:
தம்பி, வரலாறு சரி. ஒரே கம்பெனி என்பதால் ஒரே மனசு ஆகுமா? 2018இல் மேஜிக்கின் ராவ்னிகா நகரத்தை டி அண்ட் டி புத்தகமாக்கினார்கள், 2021இல் டி அண்ட் டி கதைகள் நடக்கும் நம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தைக் கார்டாக்கினார்கள். கடைக்காரருக்கு நல்லது. என் மேசைக்கு என்ன ஆயிற்று? புதிதாக வந்தவர் எடுத்து வந்த இருபது முகப் பகடைகூட மேஜிக்கில் மீதி உயிர்ப் புள்ளியைக் காட்ட வைப்பது, உருட்ட அல்ல. எண்கள் வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதை உருட்டினால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

கிளிமூக்கு:
பகடையை மாற்றச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

எக்ஸ்பி விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கார்டு ஆடுகிறவர்கள் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. டி அண்ட் டி பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து வந்தது. 1974இன் முதல் பதிப்பில் புதையல் எடுத்து வந்தால்தான் எக்ஸ்பி குவியும். அன்றைக்கு மேஜிக் எங்கே இருந்தது? கணக்குப் போட்டு ஆடுகிறவர்கள் அப்போதே இருந்தார்கள். கார்டு பக்கமும் கதை உண்டு: லெஜண்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ் கார்டு ஆட்டத்தில் போட்டியில் எந்தக் குலம் வென்றதோ அதை வைத்தே அதிகாரபூர்வக் கதை நகர்ந்தது. தங்கள் குலத்துக்காகக் கண்ணீர் விட்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். பிறகு அதே உலகம் ரோல்பிளே புத்தகமாகவும் வந்தது.

பகடைமாறன்:
1974 பதிப்பைச் சொன்னது என்னை யோசிக்க வைக்கிறது. அதை நான் மறந்தே போனேன். ஆனாலும் கிழவி அழும்போது அந்தக் கேள்வியை என்னால் ஏற்க முடியாது.

நாற்பதுயிர்:
ஏற்க வேண்டாம் அண்ணா. எக்ஸ்பியையே எடுத்துவிடுங்கள். கதையில் ஒரு கட்டம் தாண்டினால் எல்லாருக்கும் ஒரு லெவல் என்று வையுங்கள், விதிப்புத்தகத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. அப்புறம், காணாமல்போன அந்த மகன் அவர்களில் ஒருவருடைய கதாபாத்திரத்தின் பழைய கூட்டாளி என்று வைத்துப் பாருங்கள். கமாண்டர் என்ற மேஜிக் ஆட்ட வகையில் நூறு கார்டையும் ஒரு வீரனைச் சுற்றிக் கட்டுகிறவர்கள் நாங்கள். ஒரு பாத்திரத்தின்மேல் பாசம் வைக்க எங்களுக்குத் தெரியும்.

பகடைமாறன்:
சரி, வருகிற ஞாயிறு எக்ஸ்பி இல்லை. புதியவர்களில் ஒருவர் மந்திரவாதியாக ஆடுகிறார்; மகனை அந்த மந்திரவாதியின் கூட்டாளி ஆக்குகிறேன். நல்ல பகடை ஒரு செட் நானே வாங்கித் தருகிறேன். இரண்டும் ஒரே உலகம் என்று மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.