பாதியில் நுழைந்து பாதியில் எழுந்தவர்கள்: சஃபையர், ப்ளூ டைமண்ட் நினைவுகள்

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற மெடிக்கல் ரெப்

சென்னை மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) இருந்த சஃபையர் வளாகம் என்றாலே எல்லோரும் அந்தப் பெரிய 70 எம்.எம். திரையில்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நியாயம்தான். 1964-இல் ‘கிளியோபாட்ரா’வோடு திறந்த தியேட்டர். சஃபையர், ப்ளூ டைமண்ட், எமரால்ட் என்று ரத்தினக் கற்களின் பெயரில் ஒரே வளாகத்தில் மூன்று அரங்குகள். மல்டிபிளெக்ஸ் என்ற வார்த்தை நம் ஊர்க் காதில் விழுவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே கட்டியது. ஆனால் என் நினைவில் முதலில் வருவது ப்ளூ டைமண்ட்தான். காரணம், அங்கே ஓடிய தொடர் காட்சி.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் படத்தைப் போட ஆரம்பித்தால் இரவு வரை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். படம் முடிந்தது, எழுந்து போங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு மவுண்ட் ரோடு, ராயப்பேட்டை பக்கம் ஏரியா. டாக்டர்கள் மதியம் ஒரு மணிக்கு மேல் பார்க்க மாட்டார்கள். மறுபடி சாயங்காலம்தான். நடுவில் நாலு மணி நேரம், மே மாத வெயில், கழுத்தில் டை, கையில் தோல் பை. எங்கே போவது? ஏ.சி. அரங்கில் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சுற்றிப் பார்த்தால் பாதிப் பேர் என்னைப் போலத்தான். எல்.ஐ.சி. ஏஜென்ட், வேலை தேடி இன்டர்வியூவுக்கு வந்த பையன், ஹைகோர்ட்டில் வாய்தா வாங்கிவிட்டு ராத்திரி ரயிலுக்குக் காத்திருக்கும் வெளியூர்க்காரர். குறட்டைச் சத்தமும் கேட்கும். டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர் அந்த வரிசையைத் தாண்டும்போது வெளிச்சத்தைத் தரையோடு தாழ்த்திக்கொள்வார். அவருக்குத் தெரியும், இவர்கள் படம் பார்க்க வரவில்லை என்று.

எனக்குப் பிடித்தது ஒரு குறிப்பிட்ட நேரம். திரையில் ஏதோ ஒரு காட்சி வரும், இருட்டில் யாராவது பக்கத்தில் இருப்பவரிடம், “நாம வந்த இடம் வந்துடுச்சு, கிளம்பலாம்” என்பார். கதாநாயகன் மலை உச்சியில் தொங்கிக்கொண்டிருப்பான், இவர்கள் முழங்காலை இடித்துக்கொண்டு வெளியே போவார்கள். வேறெந்தத் தியேட்டரிலும் இதைப் பார்த்ததில்லை.

திருவல்லிக்கேணி, அப்போது கல்லூரி மாணவி

மேலே எழுதியவர் ஆண்பிள்ளை, அதனால் வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறார். எங்களுக்கு விஷயம் வேறு. மற்ற தியேட்டர் என்றால் காட்சி தொடங்க அரை மணி முன்னால் கேட்டுக்கு வெளியே கியூவில் நிற்க வேண்டும். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள், அதில் ஒருவர் கட்டாயம் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். ப்ளூ டைமண்டில் ஆரம்பிக்கிற நேரம் என்று ஒன்று கிடையாது, அதனால் கூட்டமும் ஒரே நேரத்தில் சேராது. வந்தோமா, டிக்கெட் வாங்கினோமா, இருட்டுக்குள் போனோமா என்று முடிந்துவிடும். வகுப்பை விட்டுவிட்டு இரண்டு தோழிகளோடு போய், பஸ் பிடிக்கிற நேரத்துக்குச் சரியாக வெளியே வருவோம். படம் எந்த இடத்தில் இருந்தாலும் சரி.

சஃபையர் அப்படி இல்லை. அது குடும்பத்தோடு போகிற இடம். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருவாள், இங்கிலீஷ் படத்துக்கு.

ஆனால் தொடர் காட்சியை ரொம்பவும் புகழ வேண்டாம். துப்பறியும் படத்துக்கு அது பெரிய கொடுமை. ஒரு மாளிகை, பத்துப் பன்னிரண்டு விருந்தாளிகள், ஒரு கொலை என்று ஒரு படம். நாங்கள் உள்ளே நுழைந்தபோது துப்பறிகிறவர் எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்துக் கொலைகாரனைக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் விளக்குப் போட்டார்கள், விளம்பரம் போட்டார்கள், படம் மறுபடி முதலிலிருந்து. அந்த ஆள் நல்லவன் மாதிரி எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறான், நாங்கள் மூன்று பேரும் “அடப்பாவி” என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். கொலை நடக்கும் முன்பே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சிந்தாதிரிப்பேட்டை, முன்னாள் ஆபரேட்டர்

நான் வேலை பார்த்தது அதே ரோட்டில் வேறு தியேட்டர். ஆனால் படம் ஓட்டும் கேபின் வேலை எல்லா இடத்திலும் ஒன்றுதான். கீழே உட்கார்ந்து குறட்டை விட்ட சாருக்கு மேலே என்ன நடந்தது என்று தெரிந்திருக்காது.

அப்போது பல்பு கிடையாது, கார்பன். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்பொறி எரியும், அந்த வெளிச்சம்தான் திரைக்குப் போகும். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், வெளிச்சம் மங்கும். கண்ணாடி வழியாகப் பார்த்துத் திருகிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் அசந்தால் கீழே விசில் பறக்கும். ரீல் ஒன்று 2000 அடி, இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். அதனால் இரண்டு புரொஜெக்டர். ஒரு ரீல் முடியப்போகிறது என்றால் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைக் கண்டதும் அடுத்த மெஷின் மோட்டாரைப் போட வேண்டும். சில விநாடி கழித்து இரண்டாவது புள்ளி, உடனே மாற்றிவிட வேண்டும். இந்தப் புள்ளியைப் பார்த்துப் பார்த்து, இன்றைக்கும் டி.வி.யில் பழைய படம் ஓடினால் என் கண் கதாநாயகியிடம் போகாது, மூலைக்குத்தான் போகும்.

சாதாரணத் தியேட்டரில் ஆட்டத்துக்கு ஆட்டம் கொஞ்சம் மூச்சு விடலாம். மெஷினில் ஃபிலிம் ஓடும் கேட்டைத் துடைக்கலாம், டீ குடிக்கலாம். தொடர் காட்சியில் அந்த இடைவெளி சுருங்கிவிடும். நியூஸ் ரீலும் விளம்பர ஸ்லைடும் ஓடுகிற நேரம்தான் நமக்கு. அதற்குள் ரீலை எல்லாம் திருப்பிச் சுற்றி முடித்திருக்க வேண்டும். ப்ளூ டைமண்ட் ஆட்கள் அதைச் செய்தார்கள் என்றால் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும்.

70 எம்.எம். பற்றி ஒரு வரி. அகலம் மட்டுமில்லை விஷயம். அந்த ஃபிலிமிலேயே காந்தப் பட்டை ஒட்டி 6 தடத்தில் சத்தம் பதிந்திருக்கும். சஃபையரில் குதிரை இடப்பக்கம் ஓடினால் சத்தமும் இடப்பக்கம் ஓடியது என்று சொல்கிறார்களே, அது பிரமை இல்லை.

வியாசர்பாடி

இங்கே எழுதியவர்கள் எல்லாம் இங்கிலீஷ் தெரிந்தவர்கள். எங்களுக்கு வாலாஜா ரோடு பாரகனும் திருவல்லிக்கேணி ஸ்டாரும்தான் சொந்தம். ப்ளூ டைமண்டுக்கு நாங்கள் போனது ஒரே டிக்கெட்டில் இரண்டு தடவை பார்க்கலாம் என்று தெரிந்த பிறகு. வசனம் ஒன்றும் புரியாது. சண்டை, கார், துப்பாக்கி, போதும். ஆனால் வெளியே வந்து டீக்கடையில் கதை சொல்லும்போதுதான் கூத்து. ஒருத்தன் முதல் பாதியைத் தூங்கிவிட்டிருப்பான், இன்னொருத்தன் கடைசியில் வந்து சேர்ந்திருப்பான். ஆளுக்கு ஒரு கதை. எங்கள் கூட்டாளி ஒருவன் சொன்ன கதை படத்தைவிட நன்றாக இருந்தது. அதில் அண்ணன் தம்பி பிரிந்து சேர்ந்தார்கள், அம்மாவும் உண்டு.

அடையாறு

நான் அங்கே படமே பார்த்ததில்லை. வளாகத்தில் இருந்த நவரத்னா ஓட்டலுக்கு அப்பா கூட்டிப் போவார். அங்கேயே நைன் ஜெம்ஸ் என்று ஒரு டிஸ்கோவும் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பக்கூடாது என்று உத்தரவு. திரும்பித்தான் பார்த்தேன், கதவு மூடியிருந்தது.

கோடம்பாக்கம், இவர்களுக்கெல்லாம் வயதில் சின்னவன்

எனக்கு அந்த இடம் காலி மனையாகத்தான் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் மூடி, இடித்தும்விட்டார்கள். கேபிள் டி.வி. வந்தது, மவுண்ட் ரோட்டில் நிலத்தின் விலை ஏறியது, அவ்வளவு பெரிய அரங்கைத் தினமும் நிரப்ப முடியவில்லை. எல்லாத் தியேட்டருக்கும் சொல்கிற காரணம்தான். ஆனால் ஒன்று உறுத்துகிறது. நியூ எல்பின்ஸ்டன் தியேட்டர் போன இடத்தில் ஒரு கட்டடமாவது வந்தது. வெலிங்டன் வணிக வளாகமாகப் பெயரையாவது வைத்துக்கொண்டிருக்கிறது. 1913-இல் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் அண்ணா சாலைத் தபால் நிலையத்துக்குள் தபால்தலைப் பிரிவாக இன்னும் நிற்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் புதியது சஃபையர், அதுதான் சுவடே இல்லாமல் போனது. 1970-இல் வந்த தேவி இன்றும் ஓடுகிறது. தேவி பாரடைஸில் படியே இல்லாமல் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதையில் என் மகளையும் நடக்க வைத்துவிட்டேன்.

இப்போது டிக்கெட்டிலேயே காட்சி நேரம், இருக்கை எண் எல்லாம் அச்சாகிவிடுகிறது. படம் முடியும்போதே துடைப்பத்தோடு ஆள் வந்து நிற்கிறார். மதியம் நாலு மணி நேரம் போக்கிடம் இல்லாத ஒரு ரெப் இன்று எங்கே உட்காருகிறார், தெரிந்தால் யாராவது சொல்லுங்கள்.

மயிலாப்பூர், மறுபடியும்

இன்றைய ரெப்கள் பைக்கை மரத்தடியில் நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள். தினமும் பார்க்கிறேன்.

திருவல்லிக்கேணி அம்மா, நீங்கள் சொன்ன அந்த மாளிகைப் படம் நான் பார்த்ததாகவே இருக்க வேண்டும். எனக்கு நேர்மாறு. முதலிலிருந்து பார்த்தேன், கொலையும் பார்த்தேன், எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிடும்போது மணி அஞ்சாகிவிட்டது, டாக்டர் வந்துவிடுவார் என்று எழுந்துவிட்டேன். தேநீர் ஊற்றினவன்தான் கொலைகாரனா? நான் இத்தனை வருஷமாக அந்தக் கிழவியைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.