பிரெஞ்சு தெரியாமல் மொன்றியலுக்குக் குடிபெயரலாமா?

ஸ்காபரோ அப்பா:
எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கியூபெக் மாகாணத்தில் உள்ள மொன்றியலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நேர்முகம் முழுக்க ஆங்கிலத்தில்தான் நடந்தது, குழுவிலும் ஆங்கிலம்தான் என்கிறார்கள். ஆனால் வீட்டில் ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. மனைவி இங்கே ஒன்ராறியோவில் வைத்தியசாலையில் தாதி, மூத்தவள் நாலாம் வகுப்பு, இளையவன் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. ஆங்கிலமே போதும் என்று சிலர், வரவே வராதே என்று சிலர். அங்கே இருக்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பார்க்எக்ஸ் தம்பி:
அண்ணா, பயப்படாமல் வாங்கோ. கடை, வங்கி, உணவகம் எல்லாவற்றிலும் சமாளிக்கலாம், நகரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரண்டு மொழியும் கதைப்பார்கள். டவுன்டவுனிலும் மேற்குப் பக்கம் பொயின்ட் கிளேர், கோட் செயின்ட் லூக் மாதிரி இடங்களிலும் பிரெஞ்சு இல்லாமலே வருடக்கணக்கில் இருக்கிறவர்களைப் பார்க்கலாம். மெட்ரோ அறிவிப்பு பிரெஞ்சில்தான், அது கொஞ்ச நாளில் காதுக்குப் பழகிவிடும்.

தலையிடி எல்லாம் கடிதங்களில்தான். 2022இல் வந்த 96ஆம் சட்டம் என்கிற கியூபெக் மொழிச் சட்டப்படி, புதிதாகக் குடியேறுகிறவர்களோடு மாகாண அரசு ஆறு மாதத்துக்குப் பிறகு பிரெஞ்சில்தான் தொடர்புகொள்ளும். சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு, 811 என்கிற சுகாதாரத் தொலைபேசி எண்ணுக்கு அடித்தால் ஆங்கிலத்தில் தாதியோடு கதைக்கலாம். அப்புறம், இங்கே மாகாணத்துக்குத் தனியாக இன்னொரு வரிப்படிவம் நிரப்ப வேண்டும், ஒன்ராறியோவில் அந்தத் தொல்லை இல்லை.

பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் போட வேண்டும், 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டம் என்கிற பிரெஞ்சு மொழிச் சட்டம் அப்படி.

கோட்டெநேஜ் அக்கா:
தம்பி, பள்ளி விஷயத்தை அப்படி ஒரே வரியில் முடித்துவிட முடியாது. வெளிநாட்டிலிருந்து நேரே இங்கே வருகிறவர்களுக்கு நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. இவர்கள் ஒன்ராறியோவிலிருந்து வருகிறார்கள். தாய் தகப்பனில் ஒருவர் கனேடியக் குடிமகனாக இருந்து, பிள்ளை தன் ஆரம்பப் படிப்பில் பெரும்பகுதியைக் கனடாவில் ஆங்கிலத்தில் படித்திருந்தால், ஆங்கிலப் பள்ளிக்கான தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அது மூத்தவளுக்குக் கிடைத்தால் இளையவனுக்கும் அந்த உரிமை சேரும். பழைய பள்ளி ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள், அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். ஆனால் என்னைக் கேட்டால் சின்னவனைப் பிரெஞ்சுப் பள்ளியிலேயே விடுங்கள், அந்த வயதில் விளையாட்டோடு விளையாட்டாக வந்துவிடும், நாளைக்கு இங்கேயே வேலை தேடும்போது அவனுக்கு ஒரு கதவும் மூடியிருக்காது.

எனக்குக் கவலை உங்கள் மனைவியைப் பற்றித்தான். நீங்கள் கணினியின் முன்னால் ஆங்கிலத்தில் இருந்துவிடுவீர்கள். அவருடைய ஒன்ராறியோ உரிமம் இங்கே அப்படியே செல்லாது, கியூபெக் தாதியர் அமைப்பில் பதிய வேண்டும், நிரந்தர உரிமத்துக்குப் பிரெஞ்சு அறிவைக் காட்டியாக வேண்டும். ஆங்கிலம் நிறையப் புழங்கும் வைத்தியசாலையில் வேலை செய்தாலும் இதே விதிதான். நல்ல அனுபவமுள்ள பெண்கள் இந்த ஒரு காரணத்தால் வேறு வேலைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன், மனம் பொறுக்காது. வீட்டில் முதலில் பிரெஞ்சு படிக்க வேண்டியவர் அவர்தான். அவருக்கு நேரம் கிடைக்கும்படி சமையலையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்க்க வேண்டும், இதைப் பேசி முடிவெடுக்காமல் வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஒட்டாவாக்காரன்:
இடையில் ஒன்று. இரண்டு மொழி ஊர்தான் வேண்டுமென்றால் ஒட்டாவாவில் மனைவியின் உரிமமும் பிள்ளைகளின் பள்ளியும் அப்படியே தொடரும், ஏனென்றால் அதுவும் ஒன்ராறியோதான், மாகாணம் மாறவில்லை. ஃபெடரல் அரசில் மேலே போக மட்டும் பெரும்பாலும் இரண்டு மொழியும் கேட்பார்கள்.

ஸ்காபரோ அப்பா:
அக்கா, மிக்க நன்றி. உரிமத்தைப் பற்றி இங்கே ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மனைவி இதைப் படித்துவிட்டு, படிக்கத் தயார், ஆனால் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

கோட்டெநேஜ் அக்கா:
வந்து சேர்ந்ததும் ஃபிரான்சிசேசன் கியூபெக்கில், அதாவது பிரெஞ்சு கற்பிக்கும் மாகாண அரசின் சேவையில், பதியச் சொல்லுங்கள். 2023 ஜூனிலிருந்து எல்லா வகுப்புக்கும் அதுதான் ஒரே வாசல். காசு இல்லை, பகுதிநேரமும் உண்டு, இணையவழியும் உண்டு, இடம் கிடைக்கச் சிலசமயம் காத்திருக்க வேண்டும். அதுவரை சும்மா இருக்காமல் ரொறன்ரோவில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்கிற பிரெஞ்சு மொழி நிலையத்தில் அடிப்படை வகுப்பு எடுக்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு. கூடவே தினமும் ரேடியோ கனடா என்கிற பிரெஞ்சு வானொலியைக் கேட்கச் சொல்லுங்கள், பாடப்புத்தகத்துப் பிரெஞ்சை மட்டும் படித்துவிட்டு வந்தால் இங்கே நோயாளிகள் கதைப்பது முதலில் பிடிபடாது. தாதியர் அமைப்புக்கான விண்ணப்பத்தை ஸ்காபரோவில் இருந்தபடியே இப்போதே தொடங்குங்கள், பத்திரங்கள் வந்து சேரவே நாள் எடுக்கும்.