கச்சான் காற்றில் ஒரு ராக் மேடை: பாம்பன் கச்சேரிக்கு முன் சில சந்திப்புகள்

பாம்பனிலிருந்து:

எங்கள் ஊருக்குக் கச்சேரி செய்ய வரும் ராக் இசைக்குழுவின் புதிய ஆல்பத்தைக் கேட்டவர்களும் அவர்களை நேரில் சந்தித்தவர்களும் இங்கே எழுதி வருவதைப் படித்தேன். மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊரில் நடக்கவிருக்கும் அவர்களுடைய கச்சேரிக்கு மைக் செட் கட்டப்போகிறவன் நான் என்பதால், என் பங்குக்கும் கொஞ்சம் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாள்களில்தான் ஊர் மொத்தமும் கரையில் இருக்கும் என்று அவர்கள் யோசித்துத் தேதி குறித்தது சரியான கணக்கு. ஆனால் அதே மாதங்களில்தான் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் தொடங்குகிறது என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

இடம் பார்க்க வந்தபோது, ஊருக்கு வடக்கே உள்ள வடகடல் கரையில் கடலைப் பின்புலமாக வைத்து மேடை வேண்டும் என்றார்கள். நங்கூரமிட்ட படகுகள் வீடியோவில் அழகாக விழும் என்பது பாடகரின் ஆசை. அப்படிக் கட்டினால் ஸ்பீக்கர்கள் தெற்கு நோக்கி, அதாவது வீசும் காற்றுக்கு எதிராகப் பாடவேண்டியிருக்கும். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவாகவும் மேலே போகப்போக அதிகமாகவும் இருப்பதால், எதிர்க்காற்றில் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து ஆட்களின் தலைக்கு மேலே போய்விடும். காற்றோடு போகும் ஒலியோ கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் தரையிலேயே கேட்கும். திருவிழாவுக்குக் குழாய் கட்டுகிற எவருக்கும் இது பாடம் படிக்காமலே தெரிந்த சங்கதி.

டிரம்ஸ் வாசிக்கும் பெண், "அப்படின்னா இன்னும் நாலு பெட்டி கூட வச்சிடலாமாண்ணே?" என்று கேட்டார். "பெட்டியக் கூட்டினா முன்னால உட்கார்ந்தவனுக்குக் காது போகும்மா, பின்னால நிக்கிறவனுக்குக் காத்துதான் கேக்கும்" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வாயால் சொல்லி யாரும் நம்புவதும் இல்லை. எனவே ஒரே ஒரு பெட்டியை இறக்கி, அவர்களுடைய ஆல்பத்தையே ஓடவிட்டு, காற்றுக்கு எதிரே நடந்துகொண்டே கேட்கச் சொன்னேன். முதலில் சிம்பலின் சலசலப்பு போயிற்று, பிறகு பாட்டின் சொற்கள் போயின, கரையேற்றிய வத்தைப் படகுகளைத் தாண்டியதும் ஏதோ உறுமுகிறது என்பது மட்டும்தான் மிச்சம். பெட்டியைத் திருப்பி வைத்துக் காற்றோடு நடக்கச் சொன்னபோது, அலை காலை நனைக்கும் இடம்வரை ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டதாகத் திரும்பி வந்து சொன்னார். அதன்பின் அவர்தான் பாடகரிடம் எனக்காக வாதாடினார்.

இப்போது மேடை ஊர்ப் பக்கம், கூட்டம் மணலில் கடலுக்கு முதுகு காட்டி. பாடகருக்கு வருத்தம்தான். காற்று மைக்கில் புகுந்து இரையாமலிருக்க மேடைக்குப் பின்னால் ஓலைத் தட்டி கட்டுகிறோம், ஒவ்வொரு மைக்குக்கும் பஞ்சு உறையும் போடுகிறோம். எலெக்ட்ரிக் கித்தாரில் வரும் 'உம்ம்' என்ற இரைச்சலுக்குப் பெரும்பாலும் ஜெனரேட்டரின் எர்த் சரியில்லாததே காரணமாக இருக்கும். காய்ந்த மணலில் எர்த் கம்பியை அடித்தால் பயனில்லை என்பதால், ஈரமணல் வரும்வரை தோண்டி அதில் அடிக்கவேண்டும். உப்பு ஈரத்தைப் போல் எர்த் பிடிப்பது வேறில்லை. கட்டிக்கிடக்கும் படகுகளில் பிள்ளைகள் ஏறி நின்று பார்ப்பார்கள், அதற்குப் படகுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும் என்பது மட்டும் பாக்கி.

மண்டபத்திலிருந்து:

ஆல்பத்தின் கடைசிப் பாட்டில், மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாவைப் பாடுவது என் தாத்தா. பதிவுக்கு வந்தவர்கள் அவரை எங்கள் வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, முன்னால் மைக்கை நிறுத்தினார்கள். இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்திவிட்டார். "கயிறு கையில இல்லாம எப்புடிப்பா மூச்சு வரும்?" என்றார். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதும், இழுவையின் கனத்துக்கேற்பப் பாட்டு ஓடுவதும் தளர்வதுமே அம்பாவின் தாளம் என்பதால், அவர் சொன்னது நியாயம்தான். கித்தார் வாசிப்பவர் உடனே புரிந்துகொண்டு, தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, பழைய கயிற்றின் ஒரு நுனியைத் தென்னையில் கட்டி, மறுநுனியை எல்லோருமாக இழுக்கவைத்தார். தானும் சேர்ந்து இழுத்துக் கை தோலுரிந்தார். அதன்பிறகு தாத்தாவின் குரல் ஏறிய ஏற்றத்தை நானே அதற்குமுன் கேட்டதில்லை.

அவருக்குரிய பணத்தையும் கொடுத்தார்கள், பாடியவர் பெயரையும் போட்டிருக்கிறார்கள். என் குறை ஆல்பத்தின் ஒலிக்கலவையைப் பற்றியது. தாத்தா குரலெடுக்கும் இடத்தில் கித்தாரை ஏற்றி, அவரை எங்கோ தூரத்தில் கேட்கும் கோரஸாக்கிவிட்டார்கள். கானாவையும் பறையையும் ராக்கோடு சேர்த்து 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவிடம், எவ்வளவு வாத்தியம் முழங்கினாலும் சொற்கள் பின்னுக்குப் போனதில்லை. கச்சேரியில் தாத்தாவும் மேடையேறுகிறார். மைக் செட் அண்ணன் இதைப் படித்தால், அவருடைய மைக்கின் ஒலியை மட்டும் சற்றுத் தூக்கிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கயிற்றுக்கும் ஏற்பாடு உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள்.

கீழக்கரையிலிருந்து:

என்னுடையது சிறிய சந்திப்பு. ராமநாதபுரத்திலிருந்து வந்த பேருந்தில் அந்தக் கித்தார்காரர் என் பக்கத்து இருக்கையில் இருந்தார். நானும் வாசிப்பவன் என்று தெரிந்ததும், உறையைத் திறந்து புத்தம்புதிய கம்பிகளில் அதற்குள் படிந்திருந்த செந்துருவைக் காட்டினார். உப்புக்காற்றில் எஃகுக் கம்பி இப்படித்தான். வாசித்து முடித்ததும் கை வியர்வையை உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால் இன்னும் சீக்கிரம் துருவேறும். துபாயிலிருந்து வந்த செருப்புப் பெட்டிகளில் கிடந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உம்மா எனக்காகச் சேர்த்து வைத்திருந்தார். அதில் ஒரு கைப்பிடியை மறுநாள் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கச்சேரிக்கு முன்வரிசையில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கச்சேரி முடிய நள்ளிரவாகிவிடும் என்பதால் திரும்பப் பேருந்து கிடைக்காது. கீழக்கரையிலிருந்தோ ஏர்வாடியிலிருந்தோ வேன் பேசுகிறவர்கள் இருந்தால், எங்கள் தெருவில் ஐந்தாறு பேர் சேர்ந்துகொள்கிறோம்.