28 நாள் போதுமாம்!

உப்புக்கடலான்:
கடல் மீன் தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய் என்று புதிதாக வந்த தம்பிக்கு நேற்று இங்கே ஒருவர் கொடுத்த யோசனையைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. "மீன்களை வேறு தொட்டியில் போட்டுக் காப்பர் மருந்து கொடு. பெரிய தொட்டியை 28 நாள் மீன் இல்லாமல் விடு, வெள்ளைப்புள்ளி ஒழிந்துவிடும்." 28 இல்லை ஐயா, 76! அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணி கிரிப்டோகேரியான் மீனை விட்டு இறங்கி மணலிலும் பாறையிலும் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். அது வெடிக்க 72 நாள் வரை ஆகலாம் என்று கொலோர்னி, பர்ஜெஸ் என்ற ஆய்வாளர்கள் 1997-லேயே எழுதிவிட்டார்கள். நாலு நாள் கூடுதலாகச் சேர்த்து 76.

பவளத்தோட்டம்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாமே சார். பெரும்பாலான கூடுகள் 3 நாளிலிருந்து 28 நாளுக்குள் வெடித்துவிடும். வெளியே வரும் குஞ்சுக்கு ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் அது சாக வேண்டியதுதான். 72 நாள் எல்லாம் எங்கோ ஒரு சோம்பேறிக் கூடு செய்த சாதனை. இன்னொன்று, என் தொட்டி 28 டிகிரி, சென்னை மே மாதம். உங்கள் 72 எந்த வெப்பநிலையில் வந்த கணக்கு?

உப்புக்கடலான்:
சோம்பேறிக் கூடு ஒன்று போதும். அதிலிருந்தே நூற்றுக்கணக்கில் கிளம்பும். 76.

பவளத்தோட்டம்:
வெப்பநிலை கேட்டேன்.

கொளத்தூர்வாசி:
எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஹீட்டரை 30-க்கு ஏற்று, ரெண்டு பிடி உப்பு போடு, போய்விடும். என் மோலிக்கு அப்படித்தான் போனது.

உப்புக்கடலான்:
கடல் தொட்டியில் உப்பு போடச் சொல்கிறார், எல்லாரும் கைதட்டுங்கள். அண்ணே, உங்கள் மோலிக்கு வந்தது இக்தியோப்திரியஸ், நன்னீர்க்காரன். புள்ளி ஒரே மாதிரி இருந்தால் ஆளும் ஒன்றா? இங்கே உப்பைக் குறைக்க வேண்டும். தண்ணீரின் ஒப்படர்த்தியை 1.009-க்கு இறக்கி வாரக்கணக்கில் அப்படியே பிடித்து வைக்க வேண்டும். அதுவும் மருத்துவத் தொட்டியில். பவளமும் இறாலும் இருக்கிற இடத்தில் செய்தால் கருவாடுதான்.

கொளத்தூர்வாசி:
பூண்டுச் சாறு?

உப்புக்கடலான்:
ரசத்துக்கு நல்லது.

கொளத்தூர்வாசி:
இருபது வருஷமாக மீன் வளர்க்கிறவனிடம் இப்படித்தான் பேசுவதா? சரி, நடக்கட்டும்.

பவளத்தோட்டம்:
அவர் எல்லாரிடமும் அப்படித்தான். ஒன்று கேட்கிறேன். 76 நாள் தவம் இருந்த உங்கள் தொட்டியில் போன வருஷம் பவுடர் ப்ளூ டாங் மீனுக்கு மறுபடி புள்ளி வந்ததே, படம் கூடப் போட்டீர்களே?

உப்புக்கடலான்:
அது புதிதாக வாங்கிய பவளத்தோடு வந்தது. பவளம் ஒட்டியிருந்த கல்லில் கூடு இருந்திருக்கும். பவளத்தையும் 76 நாள் மீன் இல்லாத தொட்டியில் தனியாக வைத்திருக்க வேண்டும்.

பவளத்தோட்டம்:
வைத்தீர்களா?

உப்புக்கடலான்:
பேச்சு என் தொட்டியைப் பற்றி இல்லை, 76-ஐப் பற்றி.

பவளத்தோட்டம்:
பேச்சு வெப்பநிலையைப் பற்றி. 27 டிகிரிக்கு மேல் வைத்தால் 45 நாள் போதும் என்று வெளிநாட்டிலேயே பலர் சொல்கிறார்கள்.

உப்புக்கடலான்:
நேற்று 28, இன்று 45. ஏலம் நன்றாகப் போகிறது. இன்னும் கொஞ்சம் ஏறினால் என்னிடமே வந்து சேர்ந்துவிடுவீர்கள். தீபாவளிக்கு என்னிடம் வாங்கிப் போன, தண்ணீரில் காப்பர் அளவு பார்க்கிற டெஸ்ட் கிட்டுக்கு எத்தனை நாள் கணக்கு?

பவளத்தோட்டம்:
அது காலாவதியான கிட். அதை நம்பி மருந்து போட்டுத்தான் என் கோமாளி மீன் ரெண்டு போனது. அதை இங்கே சொல்ல வேண்டாம் என்றிருந்தேன்.

உப்புக்கடலான்:
காலாவதி ஆனதே நீங்கள் வைத்திருந்த காலத்தில்தான்.

புதுத்தொட்டி:
அண்ணா, நான்தான் அந்தத் தம்பி. மீன்களை மாற்றி இன்றோடு 9 நாள். நடுவில் எவ்வளவு காப்பர் என்று மட்டும் யாராவது…

உப்புக்கடலான்:
தம்பி, முதலில் காலண்டரை எடு. 76-வது நாளில் வட்டம் போடு.

பவளத்தோட்டம்:
28-ல் போடு தம்பி. தெர்மாமீட்டரையும் பார்.