வாடைக் காலத்துப் புகை நமது மழையைக் கெடுக்கிறதா?

முரசுமோட்டை விவசாயி:
2022 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மண்டோஸ் புயல் நேரம் இந்தியப் பக்கத்திலிருந்து புகைமூட்டம் நமது இலங்கையில் வந்து இறங்கியது, பாடசாலைகளைக்கூட மூடினார்கள். அந்தக் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை மாடுகள் செத்தன! நான் சொல்ல வருவது இதுதான்: அந்தப் புகை நமது மழையையும் கெடுக்கிறது. காற்றில் துணிக்கைகள் கூடினால் முகிலின் துளிகள் சிறுத்துவிடும். சிறுத்த துளி கீழே விழாது. காலபோகத்து, அதாவது மாரிமழையை நம்பி விதைத்த வயலில் நின்று, கறுத்த முகில் தலைக்கு மேலால் பெய்யாமல் கடந்து போவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

வட்டுவாகல்:
அண்ணை, உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் காரணம் அதுவல்ல. நமக்கு மழை தருவது வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதே, அதுவும் புகை வருகிற மாதம்தானே?
துணிக்கை என்றால் மனிதன் விட்ட புகை மட்டும் என்று நினைக்காதீர்கள். முல்லைத்தீவுக் கரையில் பின்னேரம் மோட்டார் சைக்கிள் ஓடிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். சீலையில் பிசுபிசுவென்று உப்பு ஒட்டும். அலை நுரைத்து அதன் குமிழிகள் வெடிக்கும்போது எழும் உப்பு அது. கடலின் நுண்தாவரங்களும் கந்தகம் கலந்த ஒரு வாயுவை விடுகின்றன. அதிலிருந்து முகிலுக்கு வித்தாகும் துணிக்கைகள் உண்டாகின்றன. அது வெப்பநிலையையே சீர்செய்யக்கூடும் என்று 1987இல் நான்கு விஞ்ஞானிகள் ஒரு கருதுகோளையே முன்வைத்தார்கள். ஆலைகள் வருவதற்கு முன்பும் கடலுக்கு மேல் முகில் இருந்தது.

வவுனியா விஞ்ஞான ரீச்சர்:
இருவரும் ஒரே முகிலின் இரண்டு பக்கங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். வகுப்பில் நான் செய்து காட்டுவதைச் சொல்கிறேன். பிளாஸ்டிக் போத்தலில் நாலு கரண்டி இளஞ்சூட்டு நீர் ஊற்றி மூடி, அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். உள்ளே பெரிதாக எதுவும் தெரியாது. அணைத்த தீக்குச்சியின் புகையை உள்ளே விட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். போத்தல் வெண்மையாகிவிடும். நீராவி ஒடுங்க ஒரு பிடிமானம் வேண்டும். புகை அதைக் கொடுத்தது.
இனி அளவுக்கு வருவோம். ஒரு பானைக் கஞ்சியை நூறு பேருக்கு ஊற்றுவதும் முந்நூறு பேருக்கு ஊற்றுவதும் ஒன்றா? 1999இல் வீரபத்ரன் ராமநாதனும் பவுல் குருட்சனும் முன்னின்ற இந்து சமுத்திர ஆய்வில், மாலைதீவைத் தளமாகக் கொண்டு விமானங்கள் முகிலுக்குள்ளேயே போய் அளந்தன. தெற்கே தூய காற்றில் ஒரு கன சென்ரிமீற்றரில் நூறு துளிகள் அளவில். வடக்கே புகை கலந்த காற்றில் அதன் மூன்று மடங்கு. அங்கே மூட்டத்தில் முக்கால் பங்குக்கு மேல் மனிதர் விட்டது என்றும் கணித்தார்கள். ஒரு மழைத்துளி உண்டாகப் பத்து லட்சம் முகில் துளிகள் சேரவேண்டும். துளிகள் சிறுத்தால் ஒன்றோடொன்று மோதிச் சேர்வது தாமதமாகும். இந்த இடத்தில் முரசுமோட்டை ஐயா சொன்னது சரி.

வட்டுவாகல்:
ரீச்சர், அவை தாழ்வான மெல்லிய முகில்கள். நமது மாரி முகில் பல கிலோமீற்றர் உயரம் எழும்புவது. மேலும், பெரிய உப்புத் துணிக்கை ஒன்று நுழைந்தால் அதில் ஊறும் துளி சீக்கிரம் பருத்து, கண்ட சிறுதுளிகளையெல்லாம் வாரிக்கொண்டு இறங்கும். புகை தடுப்பதை உப்பு அவிழ்த்துவிடுகிறது. இதை விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்க முடியாது.

வவுனியா விஞ்ஞான ரீச்சர்:
உப்பைப் பற்றிச் சொன்னதை மறுக்க மாட்டேன், தம்பி. உயர்ந்த முகிலுக்கும் ஒரு சாட்சி உண்டு. இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கால் மலாக்கா நீரிணை நோக்கிப் போகும் கப்பல் பாதைக்கு மேலே, அக்கம்பக்கத்துக் கடலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்னல் வெட்டுவதை 2017இல் வெளியிட்டார்கள். புகைக்கூண்டுத் துணிக்கைகளால் சிறுத்த துளிகள் மழையாகாமல் மேலேறி உறைகின்றன. மின்னலுக்கு அது வழி. 2020 ஜனவரியில் கப்பல் எரிபொருளின் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5க்குக் குறைக்கப்பட்டது. சிங்கப்பூரை அண்டிய பாதையில் மின்னலும் அரைவாசி அளவுக்கு இறங்கியது. உயர்ந்த முகிலையும் புகை தொடுகிறது. ஆனால் அதனால் நமது வயலில் இத்தனை மில்லிமீற்றர் குறைந்தது என்று சொல்ல நான் துணிய மாட்டேன்.

பூநகரி:
ஒன்று கேட்கிறேன். மாசி, பங்குனியில் அரிவி வெட்டு முடிந்ததும் நாம் வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறோம். அப்போதும் வாடைதானே வீசுகிறது? அந்தப் புகை எங்கே போகிறது?

வவுனியா விஞ்ஞான ரீச்சர்:
தென்மேற்கே, மாலைதீவுப் பக்கம். 1999இல் அளந்ததும் அதே மாதங்களில்தான்.

முரசுமோட்டை விவசாயி:
இதை நான் யோசித்ததில்லை. போன வருடமும் மூன்று ஏக்கர் வைக்கோலை எரித்தேன். வடக்கே கைநீட்டிக்கொண்டிருந்தவன், என் வரம்பிலிருந்து கிளம்பியதைப் பார்க்கவில்லை. ஆனாலும் வங்காள விரிகுடாவுக்கு மேல் வந்து நிற்கும் அந்தப் பெரிய மூட்டத்தை லேசாக விடக்கூடாது என்பதில் நான் மாறவில்லை.

வட்டுவாகல்:
நானும் தாழமுக்கத்தை விடவில்லை, அண்ணை. ஆனால் இந்த முறை வைக்கோலை எரிக்காதீர்கள். எங்கள் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் கோடையில் தீனிக்கு அலைகிறார்கள். சூடு அடித்ததும் சொல்லுங்கள், உழவு இயந்திரம் கொண்டுவந்து ஏற்றுகிறேன்.